குற்றவாளி என்று எழுதப்பட்டவர்கள் எழுதிய குற்றக்கதை

(முகத்துவாரக்குப்பத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று குற்ற நாவல் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னபோது மன்றத் தோழர் ஒருவர் கொஞ்சம் தயங்கினார். நினைவுச் சொற்பொழிவு என்றால் அம்பேத்கர், அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் என்று போவதுதானே வழக்கம், கொலையும் கொள்ளையும் துப்பறிதலும் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாம் யாரை நினைத்து இங்கே கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன், துறைமுகத்தில் ஷிப்டு முடித்து வரும்போது இடுப்பில் ஒரு பாக்கெட் நாவலைச் செருகிக்கொண்டு வருவார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவர் வீட்டு அலமாரியில் அம்பேத்கர் தொகுதிகளுக்குப் பக்கத்திலேயே ராஜேஷ்குமாரும் இருந்தார். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. நாம்தான் இலக்கியக் கூட்டங்களில் மறைக்கிறோம்.

நான் இரண்டு பேரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒருவர் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், 'லாக்கப்' நாவலை எழுதியவர். ஆட்டோ சந்திரன் என்றால்தான் பலருக்குத் தெரியும். இன்னொருவர் செஸ்டர் ஹைம்ஸ், அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர். ஹைம்ஸ் 1984இல் ஸ்பெயினில் இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சந்திரகுமார் ஆந்திராவில் குண்டூர் போலீசிடம் மாட்டினார். ஒருவருக்கொருவர் தொடர்பே கிடையாது. ஆனால் இரண்டு பேருடைய எழுத்தும் ஒரே இடத்தில் பிறந்தது: போலீஸ்காரன் அடித்து, நீதான் செய்தாய் என்று ஒப்புக்கொள் என்று கேட்ட இடத்தில்.

அதற்கு முன்னால் நம்மூர்க் குற்றக்கதையின் வம்சாவளியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1894இல் பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' எழுதினார். தமிழின் முதல் துப்பறியும் கதை என்று அதைச் சொல்வார்கள். அதன் நாயகன் ஒரு போலீஸ் நிபுணன். அதாவது தொடக்கத்திலேயே கதை போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. பிறகு ஆரணி குப்புசாமி முதலியார் வெளிநாட்டுக் கதைகளைத் தமிழ் உடை உடுத்திக் கொண்டுவந்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானான். வடுவூர் துரைசாமி ஐயங்கார், தமிழ்வாணனின் தேநீர் பிரியர் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி என்று நூறாண்டு ஓடிவிட்டது. நான் இவர்களையெல்லாம் ருசித்துப் படித்தவன்தான். பழைய மூர் மார்க்கெட் கடைகளிலும் ராயபுரம் நடைபாதையிலும் அரை விலைக்கு வாங்கிப் படித்த வாசிப்புதான் என்னைப் பெரிய நூல்களுக்குக் கொண்டுபோனது. அதனால் இவர்களை இழித்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கதைகளில் குப்பம் எப்போது வரும்? துப்பறிபவர் லுங்கியும் ஒட்டுமீசையுமாக மாறுவேடம் போட்டு ஒரு ஆளைத் தேடி வரும்போது வரும். நாம் கதைக்குள் சாட்சியாக வரலாம், அடியாளாக வரலாம், கடற்கரையில் ஒதுங்கிய பிணமாக வரலாம். கேள்வி கேட்பவனாக வந்ததில்லை.

'ராஜாம்பாள்' வந்து மூன்றே ஆண்டில், 1911இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென்மாவட்டங்களில் அதை ரேகைச் சட்டம் என்றுதான் மக்கள் சொன்னார்கள். துப்பறியும் கதையில் கைரேகை என்பது விஞ்ஞானம், அதைப் பார்த்ததும் வாசகருக்கு ஒரு சிலிர்ப்பு. வெளியே அதே கைரேகை, பிறந்த சாதிக்காகவே ஒருவரை ஸ்டேஷன் கணக்கில் சேர்க்கும் மை. அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு வாங்கினார்கள். அந்தச் சாதியினருக்கும் தென்மாவட்டத் தலித்துகளுக்கும் இடையே என்னென்ன நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அது வேறு கணக்கு, அதையும் பேச வேண்டும். ஆனால் குற்றம் நடப்பதற்கு முன்பே குற்றவாளியை முடிவு செய்யும் அந்த எந்திரம் யார்மீது முதலில் ஓட்டிப் பார்க்கப்பட்டது என்பதையும் நாம் படித்து வைத்திருக்க வேண்டும். சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் போனது. பதிவேடு போகவில்லை.

இனி சந்திரகுமார். பள்ளிப் படிப்போடு நின்றவர். வீட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகக் கிடைத்த வேலையைச் செய்து திரிந்தவர். அப்படித் திரிந்து குண்டூருக்குப் போனார். அங்கே 1983இல் அவரையும் அவருடைய நண்பர்களையும் சந்தேகத்தின்பேரில் பிடித்தார்கள். இரண்டு வாரத்துக்கு நெருக்கமாக லாக்கப்பில் வைத்து அடித்தார்கள். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லித்தான் அந்த அடி. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் சிறை. வெளியே வந்தார், ஊருக்குத் திரும்பினார், ஆட்டோ ஓட்டினார். 'லாக்கப்' புத்தகமாக வந்தது 2006இல்.

நடுவில் 23 ஆண்டுகள். இதை நான் வேகமாகத் தாண்டிப் போக விரும்பவில்லை. ஏன் இவ்வளவு காலம் என்று எளிதாகக் கேட்டுவிடலாம். நம் தெருவில் ஸ்டேஷனுக்குப் போய் வந்த பையன்களைப் பாருங்கள். எத்தனை பேர் உள்ளே நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள்? அம்மாவிடம் சொல்ல மாட்டான், கட்டிக்கொண்டவளிடம் சொல்ல மாட்டான். குடித்துவிட்டு ஒருநாள் பாதி சொல்வான், மறுநாள் அதையும் மறுப்பான். அடிபட்டவனுக்கு வரும் வெட்கம் அடித்தவனுக்கு வருவதில்லை. தான் செய்யாததைச் செய்தேன் என்று சொன்ன வாயை அவன் அதன்பிறகு நம்புவதில்லை. அந்த வாயால் ஒரு நாவல் சொல்வதற்கு 23 ஆண்டு ஆனால் அது தாமதமில்லை.

புத்தகம் வந்தபோது இலக்கிய உலகம் என்ன செய்தது? மனித உரிமை வட்டாரத்தில் மதித்தார்கள், பரிசும் கொடுத்தார்கள். இலக்கிய வட்டாரத்தில், ஆவணம், பதிவு என்று சொல்லி ஓரமாக வைத்தார்கள். நம் ஆட்கள் எழுதினால் இந்த இரண்டு சொல்லும் தயாராக இருக்கும். மற்றவர் எழுதினால் நாவல், நாம் எழுதினால் வாக்குமூலம். ஒன்பது ஆண்டு கழித்து வெற்றிமாறன் அதை வைத்து 'விசாரணை' எடுத்தார். படம் 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போனது, அங்கே அம்னஸ்டி அமைப்பின் இத்தாலிக் கிளை கொடுக்கும் விருதை வாங்கியது. தேசிய விருதுகள் வந்தன. ஆஸ்கருக்கு இந்தியாவின் படமாகவும் அனுப்பப்பட்டது. அதன்பிறகுதான் புத்தகத்தைத் தேடினார்கள், ஆங்கிலத்திலும் வந்தது.

படத்தின் முதல் பாதிதான் சந்திரகுமாருடைய நாவலிலிருந்து வந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: குண்டூரில் ஒரு பூங்காவில் படுத்துக்கொண்டு கூலி வேலை செய்யும் நாலு தமிழ்ப் பையன்கள். ஒருவன் செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வரும்போது மாட்டுகிறான். அடி தாங்காமல் கூட இருந்தவர்கள் பெயரைச் சொல்கிறான். பெரிய வீட்டில் திருட்டு போயிருக்கிறது, மேலிருந்து நெருக்கடி, கேஸை முடித்தாக வேண்டும். இதில் மர்மம் எங்கே இருக்கிறது? திருடியது யார் என்பது கடைசிவரை யாருக்கும் கவலையில்லை. எழுத்தாளருக்கும் கவலையில்லை, போலீசுக்கும் கவலையில்லை. நூறாண்டுத் தமிழ்த் துப்பறியும் கதையின் முதுகெலும்பை இந்த ஒரு புத்தகம் உருவிப் போட்டுவிட்டது என்று நான் சொல்வேன். அந்தக் கதைகளில் கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து விளக்கிச் சொல்வார்கள், குற்றவாளி தலைகுனிந்து ஒப்புக்கொள்வான், கதை முடியும். 'லாக்கப்'பில் ஒப்புதல் கேட்பதில்தான் கதையே தொடங்குகிறது. ஒப்புதல் என்பது உண்மை வெளிவரும் இடம் அல்ல, உண்மையைப் புதைக்கிற இடம் என்று காட்டியதுதான் சந்திரகுமார் செய்த வேலை.

இதைச் சட்டமும் எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது வேடிக்கை. 1872இன் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. இப்போது வந்திருக்கும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அது இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? அதற்குப் பதினேழு ஆண்டு முன்பு, 1855இல், சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளைப் பற்றி ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. வரி வாங்கவும் வாக்குமூலம் வாங்கவும் என்னென்ன செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. கிட்டி, அண்ணாந்தாள் என்ற நம் சொற்களை வெள்ளைக்கார அதிகாரிகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். கிட்டி என்றால் விரலை நெரிக்கும் கட்டை. அண்ணாந்தாள் என்றால் ஆளை மடக்கி அவன் துணியாலோ கயிற்றாலோ கட்டி வெயிலில் விடுவது. அப்போது குண்டூரும் சென்னை மாகாணம்தான். ஆனால் அதே 1872 சட்டம் 27ஆம் பிரிவில் ஒரு சந்து விட்டது: பிடிபட்டவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்த அளவுக்கு அவன் சொன்னது செல்லும். அதனால்தான் லாக்கப்பில் வாக்குமூலத்தோடு நகையையும் எடுத்துக் கொடு என்கிறார்கள். இல்லாத நகையை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது?

இப்போது கடல் தாண்டிப் போவோம். செஸ்டர் ஹைம்ஸ் 1909இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே ஆசிரியர்கள். நம் கணக்கில் படித்த குடும்பம். ஹைம்ஸ் சிறுவனாக இருந்தபோது, பள்ளியில் நடந்த ஒரு வேதியியல் செய்முறையில் வெடித்து அவருடைய அண்ணன் ஜோசப்பின் கண்கள் போயின. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளையர் மருத்துவமனை கறுப்புப் பையனைச் சேர்க்க மறுத்தது. அந்த அண்ணன் பார்வையில்லாமலே படித்துப் பின்னாளில் சமூகவியல் பேராசிரியரானார். தம்பி வேறு பக்கம் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார், சூதாட்டக் கூட்டாளிகளோடு சேர்ந்தார். 1928இல் ஒரு பணக்காரர் வீட்டில் துப்பாக்கி காட்டி நகையைக் கொள்ளையடித்தார். அதைச் சிகாகோவில் விற்கப் போனபோது பிடிபட்டார். அங்கே போலீஸ்காரர்கள் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்துத்தான் வாக்குமூலம் வாங்கினார்கள். வயது 19. தண்டனை 20 முதல் 25 ஆண்டு.

சந்திரகுமார் திருடவில்லை, ஹைம்ஸ் திருடினார். இந்த வேறுபாட்டை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அடி வித்தியாசம் பார்க்கவில்லை. நாமும் பார்க்கக்கூடாது என்பது என் கட்சி. நிரபராதியை அடித்தால் மட்டும்தான் நமக்குக் கோபம் வரும் என்றால், அடிக்கும் உரிமையைப் பாதி ஒத்துக்கொண்டோம் என்று பொருள்.

ஒகையோ சிறையில் அவர் ஏழரை ஆண்டு இருந்தார். 1930 ஏப்ரலில் அந்தச் சிறை தீப்பிடித்தது. அறைக் கதவுகள் பூட்டியபடியே முந்நூறுக்கும் மேற்பட்ட கைதிகள் செத்தார்கள். அந்தத் தீயை வைத்து ஹைம்ஸ் எழுதிய கதை 1934இல் 'எஸ்குவயர்' என்ற பெரிய பத்திரிகையில் வந்தது. அந்த ஆண்டு அங்கே வந்த கதைகளில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? 59623. அவருடைய கைதி எண். அந்தப் பத்திரிகையில் எழுதிய மற்றவர்களுக்குப் பெயர் இருந்தது. இவர் எண்ணாக நின்று எழுதினார்.

1936இல் வெளியே வந்தார். போர்க்காலத்தில் கலிபோர்னியாவுக்கு வேலை தேடிப் போய், கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்தார். அந்த அனுபவத்தில்தான் 1945இல் முதல் நாவல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்துக் கப்பல் தளத்தில் ஒரு கறுப்பு மேஸ்திரி. அவனுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் எந்த வெள்ளைத் தொழிலாளியும் அவன் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைப் பெண் பொய்ப் புகார் சொல்கிறாள், அத்தோடு அவன் கதை முடிகிறது. காட்டுப்பள்ளியிலும் துறைமுகத்திலும் ஒப்பந்தத் தொழிலாளராக வேலை பார்க்கும் தோழர்கள் இந்த நாவலைப் படிக்க வேண்டும். பெயர் மேஸ்திரி, ஆனால் டீ கிளாஸ் தனி என்ற நிலைமையை இதைவிட நுட்பமாக எழுதியவரை நான் படித்ததில்லை. தமிழில் யாராவது கொண்டுவர வேண்டும்.

அமெரிக்கா அவரை ஏற்கவில்லை. இரண்டாவது நாவலை வலதும் இடதும் சேர்ந்து தாக்கியது. சிறை நாவலை வெட்டிச் சுருக்கி வேறு தலைப்பில்தான் வெளியிட்டார்கள். முழு வடிவம் வந்தது 1998இல், அவர் இறந்து 14 ஆண்டு கழித்து. அந்தச் சிறை நாவலின் நாயகனை அவரே வெள்ளைக்காரனாகத்தான் எழுதியிருந்தார் என்பது என்னை நீண்ட நாள் உறுத்தியது. சொந்தக் கதையைச் சொல்ல வேறு தோலைப் போர்த்த வேண்டியிருந்த காலம். நம்மிடமும் சாதிப் பெயரை எடுத்துவிட்டு எழுதிய முதல் தலைமுறை இருந்ததே.

1953இல் பிரான்சுக்குப் போனார். கையில் காசில்லாத நேரத்தில் மார்செல் துயாமெல் என்ற பதிப்பாசிரியர், துப்பறியும் நாவல் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். அவர் நடத்தியது நம்மூர் பாக்கெட் நாவல் மாதிரி ஒரு வரிசை. சிந்தனை ஓட்டம் வேண்டாம், ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள் என்பது துயாமெல் கொடுத்த யோசனை. காசுக்காகத்தான் ஹைம்ஸ் ஒத்துக்கொண்டார். 1957இல் வந்த முதல் புத்தகம் மறு ஆண்டே பிரான்சில் குற்ற இலக்கியத்துக்கான பெரிய பரிசை வாங்கியது. அதற்கு முன் எந்த வெளிநாட்டுக் கறுப்பின எழுத்தாளருக்கும் அது கிடைத்ததில்லை. இலக்கியம் என்று எழுதியபோது கிடைக்காத காதுகள், பாக்கெட் நாவல் எழுதியபோது கிடைத்தன. நம் அண்ணன் இடுப்பில் செருகிய புத்தகத்தை ஏன் ஒதுக்கக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அந்த வரிசையில் இரண்டு கறுப்புத் துப்பறிவாளர்கள் வருகிறார்கள்: சவப்பெட்டி எட், குழிவெட்டி ஜோன்ஸ். ஹார்லெம் என்ற கறுப்பர் பகுதிதான் களம். இவர்களும் போலீஸ்தான், இவர்களும் அடிப்பார்கள். தலைகீழாகத் தொங்கிய ஒருவர் அடிக்கிற போலீசை நாயகனாக்கினால் நாம் என்ன சொல்வது? எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பெண்களை அவர் எழுதிய விதத்திலும் சம்மதமில்லை. உடம்பாகவோ ஏமாற்றுக்காரியாகவோதான் பலர் வருகிறார்கள். ஆனால் அந்த இரண்டு பேரும் வெள்ளை மேலதிகாரிக்கும் தங்கள் தெருவுக்கும் நடுவில் நசுங்குவதை ஹைம்ஸ் விடாமல் காட்டுகிறார். வரிசையின் கடைசிப் பக்கம் 1969இல் வந்த நாவலில் அவர்களால் எந்தக் கேஸையும் முடிக்க முடிவதில்லை. மேலிடம் முடிக்க விடுவதில்லை. கடைசியில் பார்வையற்ற ஒருவர் ரயிலில் கண்டபடி துப்பாக்கியால் சுடுகிறார், கதை அப்படியே நிற்கிறது. துப்பறியும் நாவல் எழுதி முடித்துக் குற்றவாளியைக் காட்டாமல் போன துணிச்சல் அது. சந்திரகுமார் வந்து சேர்ந்த இடத்துக்கு ஹைம்ஸ் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறார்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். வடசென்னை என்றாலே இன்று திரையில் அரிவாள்தான். இந்தப் பகுதிக்குள் அனல்மின் நிலையச் சாம்பல் வந்தது, 2023 டிசம்பரில் ஆற்றில் எண்ணெய் வந்தது, அதே மாதம் நள்ளிரவில் அமோனியா வந்து பெரியகுப்பத்து மக்கள் கைக்குழந்தைகளோடு ஓடினார்கள். இதில் எதையும் யாரும் குற்றக்கதை என்று எழுதுவதில்லை. செல்போன் பறித்தவன் கதை மட்டும் குற்றக்கதை. பிடிபட்டவர்கள் எல்லாரும் கழிவறையில் வழுக்கி விழுந்து, கை கால்களில் மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்கும் மாநிலம் இது. அந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பகிர்கிறார்கள். எந்தத் துப்பறிவாளரும் வந்து அந்த வழுக்கலைத் துப்பறிவதில்லை. 2022 ஏப்ரலில் மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த 25 வயதுத் தலித் இளைஞர் ஒருவர் சென்னை போலீஸ் காவலில் இறந்தார். பிறகு அது கொலை வழக்காக மாற்றப்பட்டது. அவருக்கு 23 ஆண்டு கழித்து எழுத வாய்ப்பில்லை.

ஹைம்ஸும் சந்திரகுமாரும் எழுதாத ஒரு இடம் இருக்கிறது. ஸ்டேஷன் வாசல். ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், ஒரு பன்னும் டம்ளர் டீயுமாகப் போய் நிற்பது அம்மா. எந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று மூன்று ஸ்டேஷன் ஏறி இறங்கிக் கண்டுபிடிப்பது அவள்தான். எந்த ஏட்டு பேசுவார், எந்த ரைட்டர் காசு கேட்பார், ரிமாண்டுக்கு எந்தக் கோர்ட்டு, உள்ளே போனபோது என்ன சட்டை, வெளியே வந்தபோது என்ன சட்டை என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். துப்பறிகிற வேலை என்றால் அதுதான். அந்தத் துப்பறிவாளரை வைத்துத் தமிழில் இன்னும் ஒரு நாவல் வரவில்லை.

கைது செய்யும்போது என்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், நாளும் நேரமும் இருக்க வேண்டும், சாட்சி கையெழுத்து வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கூடிய கேமரா வைக்கவும் உத்தரவிட்டது. அவர்கள் எழுத வேண்டியதை எழுதாதபோது நாம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மன்றத் தோழர்கள் வாசலில் மேசை போட்டு ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார்கள். வந்த அம்மாக்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், உங்கள் பிள்ளையைக் கூட்டிப் போன தேதி, நேரம், எத்தனை பேர் வந்தார்கள், எந்த வண்டி, என்ன சட்டை போட்டிருந்தான் என்பதை மட்டும் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இரண்டு தங்கைகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.